மேடையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை

போன சனிக்கிழமை பூம்பாறையில் ஒரு நாடகத்துக்குத் தலைமை தாங்கப் போயிருந்தேன். நாடகத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. ஆனால் அது நடக்கவில்லை. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்!

எங்கே போனார்? அவருடைய நிஜப் பெண்டாட்டியிடம்.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் கொடைக்கானல் தபாலாபீஸில்தான் சேர்க்கிறேன். அங்கே சாமிநாதன் என்று ஒரு கிளார்க். ஸ்டாம்ப் ஒட்டும்போதுகூட வசனம் பேசுகிற மனிதர். பேக்கரிக்காரர், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறவர், பஸ் ஸ்டாண்டு ஆட்கள் என்று பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார். வழக்கமாக ராஜா ராணிக் கதைதான். இந்த வருஷம் திடீரென்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

“மேடம், மேல்மலையில, பூம்பாறைப் பக்கத்துப் பொம்பளைங்க சந்தைக்கு வர்றாங்க இல்லே? அவங்க பாடுற பழைய பாட்டெல்லாம் கேட்டு வச்சிருக்கேன். தாலாட்டு, களையெடுக்குற பாட்டு, நலுங்கு, ஏசல்... எல்லாத்தையும் கோத்து ஒரு பொண்ணோட கதையாப் பண்ணிட்டேன். பாட்டு எந்த ஊருதோ அந்த ஊருலதான் மொதல்ல போடணும். நீங்கதான் தலைமை!”

ஏசல் தெரியும்தானே? கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டாலேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது முறை.

உருளைக்கிழங்கு ஏற்றுகிற லாரியில் நாடகக் கோஷ்டி கிளம்பியது. முன் சீட்டில் நான். பக்கத்தில் வள்ளியம்மை என்று ஓர் அம்மாள். பழனிக்காரர். மாப்பிள்ளை வேஷம் போடுகிற தண்டபாணியின் அக்கா. தண்டபாணி கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிறவர்.

“தம்பி நடிப்பைப் பார்க்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்களா?” என்றேன்.

“நடிப்பு கெடக்குதுங்க. அந்த ஊருல அவனைத் தனியா விட மனசு வரல.”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பூம்பாறை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் இறங்கியதும்தான் விஷயம் வெளியே வந்தது. பூண்டு காயப்போடுகிற ஒரு கொட்டகையில் எல்லோருக்கும் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி மட்டும் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

“வயித்த வலிக்குதுங்க.”

சாமிநாதன் என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். “வேற ஆளும் இல்ல மேடம். இவன் ஒருத்தனுக்குத்தான் மாப்பிள்ளை மீசை!”

நான் பக்கத்தில் போய், “வயிறா, வேறு ஏதாவதா?” என்று கேட்டேன். கொட்டகை வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு, “இது எம் பொண்டாட்டி ஊருங்க” என்றார்.

பெண்டாட்டி பெயர் மயிலம்மாள். போன வருஷம் அடைமழையில் அவளுடைய அப்பா படுக்கையில் விழுந்தார். பார்க்க வந்தாள். வந்த மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். சம்பந்தி வீட்டார் கோடித்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். பழனியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு சுற்றிக் கிளம்பியவர்கள், அந்த மலை ரோட்டில் மண் சரிந்து பாதியில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு துக்கம் கேட்க வந்த வள்ளியம்மையை, மயிலம்மாளின் சின்னம்மா கருப்பாயி வாசலிலேயே நிறுத்தி ஏதோ கேட்டுவிட்டார். இவரும் ஏதோ சொல்லிவிட்டார். அன்றோடு போச்சு! ‘அவங்க வந்து கூப்பிடட்டும்’ என்று பெண் வீடு. ‘போனவ தானா வரட்டும்’ என்று மாப்பிள்ளை வீடு. நடுவில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

“சரி, நீங்கள் கொடைக்கானலில்தானே இருந்தீர்கள்? இதோ இருக்கிற பூம்பாறைக்கு நீங்கள் ஏன் வரவில்லை?”

தண்டபாணி மூட்டையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

அதற்குள் வள்ளியம்மை உள்ளே வந்துவிட்டார். “ஏலே, எந்திரி. நீ ஒளிஞ்சு கெடந்தா அவங்க சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிரும். ஏறு மேடை!”

எழுந்தார்.

நாடகம் பகல் மூன்று மணிக்கு. பொழுது சாய்ந்தால் அந்தக் குளிரில் யார் உட்காருவது? மேடை கோயிலுக்குக் கீழே இருக்கிற களத்தில். எதிரே மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல். அறுப்பு முடிந்து வெறும் மண். ஒவ்வொரு படியிலும் ஜனம். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், குழந்தைகள்... மேலே மேலே மேலே. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பட்டணத்து சபாக்களில் எத்தனையோ காலரி பார்த்திருக்கிறேன். மலையே காலரியாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

தலைமைக்கு ஓர் இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். ஐஸ்கட்டிதான்! ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு மெல்ல எழுந்து பெண்கள் பக்கம் மூன்றாவது படிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். தன் கம்பளியில் பாதியை என் காலில் போர்த்திவிட்டாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

தாலாட்டுக்கு ஜனங்கள் சிரித்தார்கள் — பேக்கரிக்காரர் புடவை கட்டிக்கொண்டு தொட்டில் ஆட்டினால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் களையெடுக்கும் பாட்டு வந்தபோது மேல் படிகளில் யாரோ கூடவே பாட ஆரம்பித்தார்கள். அப்படியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது குரல். சாமிநாதன் மேடை ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

அப்புறம் கல்யாண சீன். பட்டு வேஷ்டி, தலைப்பாகை, மாலையோடு தண்டபாணி வந்து உட்கார்ந்தார்.

என் காலில் கிடந்த கம்பளி சட்டென்று இறுகியது. திரும்பினேன். அந்தப் பெண் அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் என்று புரிந்துவிட்டது.

மேடையில் ஏசல் ஆரம்பித்தது. பெண் வீட்டு வேஷக்காரர்கள் எடுத்தார்கள்:

“மாப்பிள்ளை வாராரு மலையேறி பஸ்ஸுல
மயங்கித் தலைசாஞ்சு வாந்திதான் பாதியில!”

மலையே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டு வேஷக்காரர்கள் விட்டார்களா?

“பொண்ணு வீட்டுச் சாம்பாரில் பூண்டுதான் மெதக்குது
பூதக் கண்ணாடி வச்சாலும் பருப்பெங்கே கெடக்குது?”

பூண்டு விளைகிற ஊரில் போய் இப்படிப் பாடினால்? ஒரே ஆரவாரம், சீட்டி. அது அடங்குவதற்குள், எனக்குப் பின்னால் நாலு படி மேலேயிருந்து ஒரு குரல் கிளம்பியது. கணீரென்ற குரல்.

“பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் பந்தலிலே ஒக்காந்தீரே
கட்டினவ எங்கேன்னு கண்டீரா கேட்டீரா?”

“கருப்பாயி!” என்றார்கள் பக்கத்தில். மயிலம்மாளின் சின்னம்மா! எழுந்து நின்று, இடுப்பில் ஒரு கை, இன்னொரு கை நேராகத் தண்டபாணியை நோக்கி.

இது நாடகத்தில் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பெண்கள் தாளம் தட்டத் தொடங்கினார்கள். ஏசல் என்று வந்துவிட்டால் பதில் வந்தாக வேண்டுமே! மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதில் மேடையிலிருந்து வரவில்லை. களத்தின் ஓரத்திலிருந்து வந்தது.

“கோடித்துணி மடியிலேந்திக் கொட்டுற மழையில
வாடி நின்ன எங்களுக்கு வசவுதானே மிச்சமாச்சு!”

வள்ளியம்மை. லாரியில் ஒரு பேச்சோடு வாயை மூடிக்கொண்ட அதே வள்ளியம்மை!

“மழைமேல பழிபோட்டு வருசமொண்ணு போயிருச்சே
வழிதொறந்த பின்னாலும் வாசல்வர மனசில்லையோ?” — இது மேலேயிருந்து.

“வாசலை மிதிக்காதன்னு வாய்வெடிச்சுச் சொன்னதாரு?
பாசமுள்ள வீடுன்னு படியேறி வந்தவள!” — இது கீழேயிருந்து.

எப்படிச் சொல்வேன் அதை? ஒருவர் கடைசிச் சொல்லை விடுவதற்குள் மற்றவர் எடுக்கிறார். ஓர் இடத்தில் தடுமாற்றம் இல்லை, எதுகை தப்பவில்லை. இதே வார்த்தைகளைத் தெருவில் நின்று பேசியிருந்தால் அரிவாள் எடுத்திருப்பார்கள். பாட்டில் வந்ததால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்... அத்தனை பேரும்! ‘மழையில் நின்றோம்’ என்று வள்ளியம்மை பாடியபோது மேல் படிகளில் சில பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பெண் வீட்டுப் பெண்கள்! ஒரு வருஷமாக அந்தச் சேதி அவர்கள் காதில் விழவே இல்லை போலிருக்கிறது.

கருப்பாயி வாயைத் திறந்தார். மூடினார். முதல் தடவையாகப் பதில் வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

என் காலிலிருந்து கம்பளி நழுவியது.

மயிலம்மாள் எழுந்து நின்றாள்.

பாடினாள். சின்னம்மாவைப் பார்த்து அல்ல, நாத்தனாரைப் பார்த்தும் அல்ல. நேரே மேடையைப் பார்த்து.

“வத்தலக்குண்டுப் பாதையிலே வழிமறிச்சு மண்ணிருந்தா
கோடைமலைப் பாதையிலே கோட்டையா எழும்பிருச்சு?”

தாளம் நின்றுவிட்டது. ஒரு கைகூட அசையவில்லை. அவள் நிறுத்தவில்லை.

“கோடியும் வரவேண்டாம் கொட்டுமேளம் வரவேண்டாம்
ஓடிவந்து நீயொருத்தன் ஒக்காந்தாப் போதாதா?”

இரண்டு குடும்பமும் மழை, துணி, வாசல் என்று ஒரு வருஷமாகப் பேசிய பேச்சையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிட்டாள். அதுவும் ‘நீ’ என்று! அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு இந்த ஒரு கேள்வியை எத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தாளோ?

தண்டபாணி எழுந்தார். ஏசலில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எழுந்தே விட்டார். அவர் பாடவில்லை. பேசினார்.

“வந்தேன் மயிலு... ஊரு வளைவு வரைக்கும் வந்தேன். கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. அக்கா வரல, கோடி வரல. மருமகன் வெறுங்கையோட வந்து நிக்கான்னு சொல்லுவாங்களேன்னு... பயந்துட்டேன். அங்ஙனயே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்.”

வள்ளியம்மைக்கே இது புதுசு. “என்னடா சொல்றே?” என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

மயிலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பேச்சுக்குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அதையும் அங்கேயே நின்னுக்கிட்டுத்தான் சொல்லணுமா? எறங்கி வாங்க.”

இறங்கினார். தலைப்பாகை கழன்று விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மூன்று படி ஏறி வந்து அவள் எதிரே நின்று ஓவென்று அழுதார். ஒரு வருஷம் தாமதமாக மாமனாருக்கு அழுதார். அவளும் அழுதாள். நான் என்ன, கல்லா? சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் அழுதார்கள்.

மேடையில் மணப்பெண் வேஷக்காரர் மட்டும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார், பாவம்.

மிச்ச நாடகம்? யார் கேட்டார்கள்! வள்ளியம்மை விடுவிடுவென்று மேலே ஏறிக் கருப்பாயியிடம் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே அந்த வீட்டை நோக்கி நடந்தது. தண்டபாணி உள்ளே போய், மாமனார் கட்டில் கிடந்த இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். மயிலம்மாள் கேட்டது அதைத்தானே?

மாப்பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு லாரி திரும்பியது. சாமிநாதன் முன் சீட்டில் எங்களோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரே கவலை. “மேடம், அடுத்த மாசம் தாண்டிக்குடியில போடுறோம். அங்கயும் இப்படி யாராவது எந்திரிச்சா என்ன பண்றது?”

“உட்கார்ந்து கேளுங்கள்” என்றேன். வேறு என்ன சொல்ல?

மூன்றாவது வளைவு திரும்பும்போது வள்ளியம்மை திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடடா! அந்தக் கருப்பாயி மழைமேல பழின்னு பாடுனாள்ல, அதுக்கு இப்பத்தாங்க சரியான பதில் கெடைச்சிருக்கு. லாரியை வெரசாத் திருப்பச் சொல்லுங்க!”

டிரைவர் நல்ல மனிதர். காது கேட்காததுபோல் ஓட்டினார்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். தண்டபாணி ஜன்னலுக்குள் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் மயிலம்மாள், சாப்பாட்டுத் தூக்கோடு. காலை முதல் பஸ்ஸில் இருவரும் வந்துவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள்.

“இனிமேல் சண்டை கிண்டை இல்லையே?” என்று கேட்டேன்.

“சண்டை இல்லாமயாங்க? ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இனிமே எங்க வீட்டுல சண்டைன்னா பாட்டுலதான்.” கண்ணால் ஜன்னலைக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவருக்குப் பாட வராதுங்க.”