கிப்லாப் பக்கம் ஒரு பனிமலை

எங்கள் வீட்டில் டிவி மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. பிளக் பாயிண்ட் அங்கேதான். நாங்கள் தொழும் திசையான கிப்லாவும் மேற்கேதான். எதிரில் உருவப்படம் இருக்கக் கூடாது என்பதால், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் டிவியை அணைத்து அதன் மேல் ஒரு பழைய துப்பட்டியைப் போட்டு மூடுவது என் வழக்கம். இதற்காக ஒரு நாள் நான் என் வீட்டுக்காரரை நோகடிப்பேன் என்று நினைக்கவில்லை.

அவர் சவூதியில் கட்டட வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து, கம்பி வைத்த காலோடு எங்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு வந்து சேர்ந்தார். ரூமில் கூட இருந்தவர்கள் அவரை வழியனுப்பும்போது தாங்கள் விளையாடிக்கொண்டிருந்த வீடியோ கேம் பெட்டியை ஒரே ஒரு சிடியோடு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்போது எங்கள் தெருவில் அந்த மாதிரிப் பெட்டி வேறு யாரிடமும் இல்லை.

பெரம்பலூர் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "முட்டி இனிமே முழுசா மடங்காது. ஆனா தினமும் வெளிய நடக்கணும். உள்ளயே இருந்தா கால் சூம்பிடும்."

அவர் வாசலைத் தாண்டவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று பழகியவர். இனிப் போனால் நாற்காலியில் உட்கார்ந்து தொழ வேண்டும். எல்லாரும் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது தான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியாது. நோயாளிக்கு அல்லாஹ் அந்தச் சலுகையைக் கொடுத்திருக்கிறான் என்று நான் சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டுவார். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை ஒவ்வொன்றாகத் தவறிக்கொண்டிருந்தது.

பகலெல்லாம் அந்த சிடியில் இருந்த ஆட்டம்தான். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு ஒருவன் பனிமலையில் சறுக்கி வருவான். கத்திரி வெயிலில் என் தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், கம்பளி வேணுமா? அக்காவ வெந்நி போடச் சொல்லட்டா?" என்பான். "நீ பலகையில ஏறு பாப்போம், ரெண்டு நிமிசத்துல மரத்துல மோதிருவ" என்பார் இவர். அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த கிண்டல் அவ்வளவுதான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பேன். குறை சொல்லக் கூடாது, அழகான ஆட்டம். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று வேலி கிடையாது. மரங்களுக்குள் போகலாம், உறைந்த ஓடை மேல் போகலாம், எந்தப் பாறையிலிருந்தும் குதிக்கலாம். ஒரு பக்கம் வெயில் அடிக்கும், அடுத்த பக்கம் பனி கொட்டும். பலகை பனியைக் கீறும் சத்தம் வெள்ளாற்று மணலில் நடக்கிற மாதிரியே கேட்கும். ஒரே அறையில் கிடந்த மனுசருக்கு அத்தனை பெரிய இடம் கிடைத்ததே என்று நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னதுண்டு.

குறைகளும் உண்டு. மலையில் ஆள் குடியிருக்கும் ஒரு வீடு இல்லை, அடுப்புப் புகை இல்லை. மேலே ஏறி நடக்க வழியே கிடையாது, ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போய் விடும். நினைத்த இடத்தில் நிறுத்தி, வந்த தூரத்தைச் சேமித்து வைக்கவும் முடியாது. அங்கங்கே மரக்குடிசைகள் இருக்கும், அதில் போய்ச் சேர்ந்தால்தான் அதுவரை வந்தது அழியாமல் நிற்கும். இது எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பிடிக்காதது வேறு. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவன் பனியைத் தட்டிவிட்டு உடனே எழுந்துகொள்வான். அதைப் பார்க்கும்போது மட்டும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அவர் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் பின்னால் போயிருந்தார். வழக்கமாக அவரே ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுவார். அன்று திரையில் அந்த ஆள் அந்தரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். தொழுகிற திசையில் இப்படி ஒரு உருவமா என்று நான் சுவிட்சை அணைத்துத் துப்பட்டியைப் போட்டேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அணைச்சிட்டியா?"

"பாங்கு சொல்லிட்டாங்கல்ல."

"உச்சியிலேருந்து வந்துக்கிட்டிருந்தேன். இன்னும் ஒரு வளைவு, அடிவாரக் குடிசை வந்திருக்கும். இனி முதல்லேருந்து வரணும்."

கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "அதுலயாவது ஒரு தடவ விழாம கீழ வந்துரலாம்னு பாத்தேன் புள்ள" என்றார்.

அத்தனை நாள் நான் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "அவனுக்கு வலி இல்லங்க, விழுந்தா எழுந்திருக்கான். அத உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. வலியோட நீங்க எழுந்து போறத நான் என்னைக்குங்க பாக்குறது?"

அவர் துப்பட்டி போட்ட டிவியைப் பார்த்து உட்கார்ந்தபடி தொழுதார். தொழுது முடித்துக் கையேந்திக் கேட்ட துஆ அன்று நீண்டது. அவருக்குப் பின்னால் நின்று தொழுத நானும் அவரை அப்படிச் சொல்ல வைத்ததற்கும், நான் அப்படிப் பேசியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை குளித்து வெள்ளைக் கைலி கட்டிக்கொண்டு, "அந்த பிளாஸ்டிக் சேர் ஆடுமா?" என்று கேட்டார்.

"ஆடாதுங்க" என்றேன். தம்பி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போனான். இவர் தடியை ஊன்றி நாலு வீட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று போவதை வாசற்கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். முதல் வரிசை இல்லை, கடைசி வரிசையின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாராம். தம்பிதான் சொன்னான்.

திரும்பி வந்தவருக்குச் சட்டை முழுக்க வேர்வை. தண்ணீரை வாங்கி மூன்று மடக்காகக் குடித்தார். பிறகு சொன்னார், "பள்ளிவாசலுக்கு அஞ்சு படி இருக்கு. இத்தன வருசமா எண்ணுனதே இல்ல."

அதற்குப் பிறகும் விளையாடினார்தான். பாங்கு சொன்னால், சுவிட்சில் கை வைக்கும் முன், "குடிசை வந்துருச்சாங்க?" என்று கேட்டுக்கொள்வேன். விழாமல் ஒரு தடவையாவது கீழே வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.