உங்களுக்கு முன்னால் ஒருவர்

இது நடந்தது. தேதி, மணி, அன்றைய குளிர் எல்லாம் என் போனில் படமாக இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் வீட்டுக்கு வரலாம். காபி தருகிறேன், படத்தையும் காட்டுகிறேன். கடைசிப் படத்தை மட்டும் காட்ட மாட்டேன்.

நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. என் பெயர் லோர்ன் பெல்டோனன். தண்டர்பேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டார மின்கார் சங்கத்தின் செயலாளர். ஊர் ஊராக எங்கே சார்ஜர் இருக்கிறது என்று காட்டுகிற வரைபடச் செயலியில் இதுவரை 1,140 ரிவ்யூ எழுதியிருக்கிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க மின்னல் போட்டிருப்பார்கள். கனடா முழுக்க அந்த மின்னல் உள்ளவர்கள் இருபத்தாறு பேர். பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்கட்டும்.

எதிர்வீட்டு ரெயால் திபோ டீசல் வண்டிக்காரன். பழுதான கார்களை இழுத்து வரும் லாரி வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் அவனுக்கு வாய் சும்மா இராது.

"என்ன வாத்தியாரே, வண்டி ஓட்ட ஒம்பது ஆப்பும் பதினாலு பாஸ்வேர்டும் வச்சிருக்கியாமே? எங்கிட்ட ஒத்தச் சாவிதான். யாரு முதல்ல வீடு சேர்றான்னு பாத்துக்கலாமா?"

நான் பதில் சொல்வதில்லை. அறியாமையோடு வாதாடக் கூடாது.

கார்வர் ஏரி சார்ஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டர்பேக்குக் கிழக்கே ஒரு மணி நேர ஓட்டம். கோடையில் மட்டும் திறக்கும் ஒரு மோட்டலின் பின்புறம், காட்டோரம் நிற்கிறது. சங்கம் நிறுவியது. முதலில் அதில் அட்டையைத் தட்டிச் சார்ஜ் ஏற்றும் வசதி இருந்தது. குளிரில் அடிக்கடி மக்கர் செய்தது. பழுது பார்ப்பதா, எடுத்துவிடுவதா என்று கூட்டம் போட்டோம். போனில் செயலி வழியாக ஏற்றினால் போதும், காலத்தோடு நடப்போம் என்று நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அட்டை வாசிக்கும் பெட்டியைக் கழற்றி, அந்த ஓட்டை மேல் ஒரு தகடு வைத்து நான்கு திருகாணி போட்டு முடுக்கினோம். ஒன்றை நானே முடுக்கினேன்.

எதிர்ப்பு என்று வந்தது ஒரே ஒரு கடிதம். எல்னா ரௌட்டியோ. எழுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டியவள், பிறகு சின்ன வெள்ளி நிற மின்கார் ஒன்று வாங்கியிருந்தாள். 'என்னிடம் மடக்குகிற போன்தான் இருக்கிறது. அதில் செயலி எதுவும் ஏறாது. அட்டைதான் வைத்திருக்கிறேன். நான் எங்கே தட்டுவது?'

கூட்டத்தில் அதை அவள் குரலிலேயே வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். 'நல்ல போன் வாங்குங்கள். செயலியை இறக்குவது இரண்டே நிமிட வேலை' என்று பதில் எழுதினேன். அந்தக் குளிர்காலத்திலேயே அவள் இறந்துபோனாள். 'திடீர் மறைவு' என்று செய்தித்தாளில் வந்தது. சங்கத்தின் சார்பில் மலர்வளையம் அனுப்பினோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நடந்தது.

போன வருடம், ஜனவரி 17. அவள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சூ செயின்ட் மரீயில் என் தங்கை வீட்டிலிருந்து நானும் மனைவி மொரீனும் திரும்பிக்கொண்டிருந்தோம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு. அந்தக் குளிரில் கார் மின்சாரத்தைக் கஞ்சிபோலக் குடிக்கும்.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையம். அங்கேயும் சார்ஜர் உண்டு, வங்கி அட்டையைத் தட்டினால் ஓடும்.

"இங்கயே ஏத்திக்கலாம் லோர்ன். சூப்பும் இருக்குது. எனக்கு ஒரு கோப்பை வேணும்."

"இதுக்கு நான் ரெண்டு ஸ்டார் போட்டிருக்கேன். நானே வந்து நின்னா என்ன நெனப்பாங்க?"

"யாரு?"

அவளுக்குச் சொன்னாலும் புரியாது. ஓட்டினேன்.

மாலை 5:38. கார்வர் ஏரி. மின்கலத்தில் மிச்சம் நான்கு சதவீதம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மோட்டலின் ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தது. புதுப் பனி. அதில் எங்கள் கார்த்தடம் மட்டும்.

வயரைச் செருகினேன். செயலியைத் திறந்தேன்.

'புதிய பதிப்பு வந்துள்ளது. இறக்கிக்கொள்ளவும்.'

சிக்னல் ஒரே ஒரு கோடு. வட்டம் சுற்றியது... சுற்றியது... பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது.

"ரெண்டே நிமிஷ வேலைன்னு சொல்லுவியே?" என்றாள் மொரீன். கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"பொறு."

"ரெயாலக் கூப்பிடட்டுமா?"

"செத்தாலும் அவனக் கூப்பிடக் கூடாது."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ தட்டினாள். நான் கவனிக்கவில்லை.

5:51. செயலி திறந்துகொண்டது. கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். மின்னஞ்சலுக்கு ஒரு குறியெண் வருமாம். வந்தது. அதற்குள் காலாவதி. மறுபடி ஒன்று. கொடுத்தேன். பச்சைத் திரை வந்தது. மொரீனைப் பார்த்துச் சிரித்தேன்.

பச்சை சிவப்பானது.

'இயந்திரம் பயன்பாட்டில் உள்ளது. உங்களுக்கு முன்னால்: 1.'

சுற்றிப் பார்த்தேன். காடு. பனி. எங்கள் கார். வேறொன்றுமில்லை.

"கோளாறு" என்றேன். "இதுக்கு ஒரு ஸ்டார் குறைக்கணும்."

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்.

மெல்லிய சத்தம். பிளாஸ்டிக் இரும்பில் படுகிற சத்தம். இயந்திரத்தின் பக்கமிருந்து.

டொக்... டொக்...

ஒவ்வொரு தட்டுக்கும் இயந்திரத்தின் திரை விழித்தது. 'செயலியைத் திறக்கவும்.' அணைந்தது. டொக். 'செயலியைத் திறக்கவும்.' அணைந்தது.

"யாரோ தட்டறாங்க" என்றாள் மொரீன்.

"குளிர்ல தகடு சுருங்குது. பள்ளிக்கூடத்துப் பாடம்."

இறங்கிப் போனேன். மூச்சு மீசையில் உறைந்தது. திருகாணி போட்ட அந்தத் தகடு முழுக்க உறைபனி. நடுவில் மட்டும் ஒரு கட்டம் சுத்தமாக இருந்தது. நீள்சதுரம். என் பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன்.

அளவு சரியாக இருந்தது.

5:58. இயந்திரத்தில் ஒட்டியிருந்த உதவி எண்ணை அழைத்தேன். 'வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் காத்திருக்கிறார்' என்றது பதிவுக் குரல். பிறகு இசை. இசைக்கு நடுவில் யாரோ மூச்சு விட்டார்கள். ஈர மூச்சு. பல் கிட்டிக்கொண்ட மூச்சு.

"ஹலோ?"

"அட்டைய... வச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்றது ஒரு கிழட்டுக் குரல். "எடுக்க மாட்டேங்குது."

போன் அணைந்துவிட்டது. குளிரில் போன் அணையும். அதற்குக் காரணம் உண்டு.

காருக்குள் ஓடி வந்தேன். கதவைச் சாத்தினேன்.

6:03. காரின் திரை மங்கியது. சூடு நின்றது. விளக்கு நின்றது. எல்லாம் நின்றது.

மொரீனின் வலது கையுறை எங்கோ விழுந்திருந்தது. தேடக் கதவைத் திறக்கப் பார்த்தாள். அசையவில்லை. என் பக்கமும் அப்படியே. ஓரமெல்லாம் உறைந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில்.

கண்ணாடியின் உள்பக்கம் எங்கள் மூச்சே பனியாகப் படர்ந்தது. சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போது வெளிச்சம்.

ஒரு கார் திரும்பி உள்ளே வந்தது. சத்தமில்லை. மின்கார். சின்னது. வெள்ளி நிறம்.

"தப்பிச்சோம்" என்றாள் மொரீன். அழுதாள்.

ஒருவர் இறங்கினார். குட்டையான உருவம். நடந்து வந்தது.

அந்தக் குளிரில் பனியை மிதித்தால் கிறீச்சென்று கத்தும். நூறடி தள்ளிக்கூடக் கேட்கும்.

கேட்கவில்லை.

மொரீன் கண்ணாடியைத் தட்டினாள். "இங்க! இங்க இருக்கோம்! கதவு திறக்கல!"

உருவம் நின்றது. எங்களைப் பார்த்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. வயரைப் பார்த்தது. மறுபடி எங்களை.

பிறகு கையிலிருந்த தட்டையான ஒன்றை முகத்துக்கு நேராகத் தூக்கியது.

பளிச்.

திரும்பிப் போனது.

"லோர்ன்... அது நம்மளப் பாத்துச்சு."

"தெரியும்."

"பாத்துட்டுப் போவுது."

விளக்கு நகர்ந்தது. காடு இருண்டது.

டொக்.

இந்த முறை இயந்திரத்தில் இல்லை.

மொரீன் பக்கத்துக் கண்ணாடியில்.

டொக்.

டொக்...

6:51க்கு ரெயால் வந்தான். நான் வேண்டாமென்றபோதே மொரீன் அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். கடப்பாரையால் கதவை நெம்பி, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தான். அவள் விரல்களைப் பார்த்தான். மெழுகுபோல் வெளுத்திருந்தன. பிறகு இரண்டு விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

வழியெல்லாம் அவன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயம் தந்தது.

"என்னடா, ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு வாத்தியாரே. எல்னா ரௌட்டியோவ இதே எடத்துலருந்துதான் நான் எடுத்தேன்."

"அவ... மாரடைப்புல இல்ல போனா?"

"அது குடும்பம் சொன்னது. குளிர்ல போனா. வயரு செருகியபடி இருந்துச்சு. அட்டை கையிலேயே உறைஞ்சு இருந்துச்சு. ஓரமெல்லாம் தேஞ்சுபோயி." கியரை மாற்றினான். "அந்தத் தகடு பூரா கோடு கோடா கீறல். நீ பாத்ததே இல்லியா?"

பார்த்ததில்லை. இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பேன். தகட்டை யார் பார்ப்பார்கள்?

மறுநாள் மருத்துவமனையில் போனுக்கு உயிர் வந்தது. வரைபடச் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு. கார்வர் ஏரி சார்ஜருக்குப் புதிய ரிவ்யூ.

ஒரு நட்சத்திரம். 'நீலக் கார். வயரைச் செருகி வைத்திருக்கிறார்கள், சார்ஜ் ஏறவில்லை. உள்ளே இரண்டு பேர் சுகமாகத் தூக்கம். அடுத்தவன் வருவான் என்ற எண்ணம் வேண்டாமா? இப்படி இடத்தை அடைத்துக்கொள்பவர்களால்தான் எல்லோருக்கும் கெட்ட பெயர்.'

நேரம்: மாலை 6:12. எழுதியவர்: ஈ. ரௌட்டியோ. எழுதிய ரிவ்யூக்கள்: 1. கூடவே ஒரு படம். உறைந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் என் வாய், மொரீனின் உள்ளங்கை.

கட்டுப்போட்ட கையோடு மொரீன் எட்டிப் பார்த்தாள்.

"நமக்கு எத்தன ஸ்டார் குடுத்திருக்கா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என் காரில் ஏறவில்லை.

என்னை உறுத்தியது அந்த வாசகம். எங்கேயோ படித்த நடை. நல்ல நடை. விரலால் கீழே தள்ளினேன். பழைய ரிவ்யூக்கள்... போன வருடம்... அதற்கு முந்தின வருடம்...

'வெள்ளி நிறக் கார். வயரைச் செருகி வைத்திருக்கிறார், சார்ஜ் ஏறவில்லை. உள்ளே ஒரு கிழவி சுகமாகத் தூக்கம். அடுத்தவன் வருவான் என்ற எண்ணம் வேண்டாமா?...'

காரும் ஆளும் தவிர, எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். ஜனவரி 17. அறுபத்துமூன்று பேர் 'பயனுள்ளது' என்று குறித்திருந்தார்கள். எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க மின்னல்.

அந்த வருடம் நானூறு சார்ஜர்களுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நினைவு வைத்துக்கொள்ள முடியுமா? மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அதனடியிலும் ஒரு படம், நான் எடுத்தது. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன். அவள் தூங்கவில்லை. கண் திறந்திருக்கிறது. என்னைத்தான் பார்க்கிறாள். கண்ணாடியில் கையை வைத்திருக்கிறாள். போ போ என்று என்னை விரட்டுகிறாள் என்று அன்று நினைத்ததுகூட இப்போது ஞாபகம் வருகிறது. விரட்டவில்லை. விரல் நடுவே ஓர் அட்டை. அதைக் கொண்டு கண்ணாடியைத் தட்டுகிறாள்.

அந்த ரிவ்யூவை அழிக்கப் பார்த்தேன். தங்க மின்னல் பெற்றவர்கள் எழுதியதை அழிக்க முடியாதாம்.

உடலைப் பரிசோதித்த மருத்துவரின் அறிக்கை பிறகுதான் என் கைக்கு வந்தது. எல்னாவின் உயிர் பிரிந்தது இரவு எட்டு மணிக்கு மேல் என்று எழுதியிருக்கிறார்.

என் படத்தின் கீழே இருக்கும் நேரம், மாலை 6:12.