எஸ்டேட் பஸ்ஸின் புகை

டீசல் புகை மூக்கில் ஏறும்போதெல்லாம் அந்த ஓட்டுநர் நினைவுக்கு வருகிறார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாட்டின் கரிப்புகையில் ஆலைகளின் பங்கு எவ்வளவு, வாகனங்களின் பங்கு எவ்வளவு, வீட்டடுப்புகளின் பங்கு எவ்வளவு என்று துறைவாரியாகக் கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று காலை பூந்தமல்லியில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் எஸ்டேட் பஸ் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்கு நரைத்த கிருதா, கசங்கிய காக்கிச் சட்டை. இருக்கையிலேயே டீ குடித்தார். மறு கை எஞ்சின் மூடியின் மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"டீ குடிக்கிற வரைக்கும் நிறுத்தலாமே," என்றேன் கீழே நின்று.

"பாட்டரி செத்துப் போய்க்கீது சார். நிறுத்துனா தள்ளணும்."

உள்ளே முழுக்க ஆலை வேலைக்குப் போகும் பெண்கள். ஜன்னலோரத்தில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "சங்கு ஊதுனா பாக்டரி கேட்டை மூடிருவான். அப்பால அரை நாள் கூலி போச்சு. நீ தள்றியா சார்?" பஸ்ஸே சிரித்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

ஆலை வாசலை அடைந்தபோது சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. காவலாளி கேட்டை இழுக்க, பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு குதித்து ஓடினார்கள். கடைசிப் பெண்ணின் முந்தானை கம்பியில் மாட்டி, விடுபட்டு, அவள் உள்ளே நுழையும்வரை ஓட்டுநர் கியரைத் தொடவில்லை.

இந்தப் புகையை வாகனக் கணக்கில் சேர்ப்போம் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். எந்தக் கணக்கு சரி என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அவர் கேட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பாக்டரி கணக்குல எழுது நைனா. நான் என் ஊட்டுக்குப் போறதுக்கா இத்த உறும வுட்டுகினு கீறேன்?"