சத்தம் கேட்டால் கை தூக்கவும்

என் மகளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று கண்டுபிடித்தது நான்தான். சமையலறையிலிருந்து கூப்பிடுவேன், பதில் வராது. மூன்றாவது முறை அறை வாசலில் போய் நின்றால், "வரேன்னு ரெண்டு வாட்டி சொன்னேம்மா" என்பாள். எட்டாவது படிக்கிற பெண். காதில் ஹெட்போன், வாயில் பொய். இரண்டுக்கும் சேர்த்து ஹெட்போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டேன். திருவள்ளூரில் காது டாக்டரிடம் அவள் பெயருக்குச் சனிக்கிழமை டோக்கனும் சொல்லிவைத்தேன்.

காதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகடு அடிக்கிற பிரஸ் ஷெட்டில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறேன். பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் காதடைப்பானை உருட்டிச் செருகக் காட்டுவது என் பொறுப்பு. காட்டி முடித்ததும் கழற்றி, அதன் நீலக் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வேன், எல்லோரையும் போல. பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆள் வந்தால் வாசலில் இருப்பவர் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். அது கை மாறிக் கை மாறி ஷெட்டின் கடைசி வரை போகும். ஒரே நிமிடத்தில் எல்லோர் காதும் பத்திரம்.

இந்தத் தகுதியோடுதான் மகளின் வகுப்பில் காதுப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போனேன்.

"நீ இன்னாத்துக்குமா வர்ற?" என்றாள் காலையில். "எல்லாம் உன்னால்தான்" என்றேன்.

சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள், காதுக்குள் இரைச்சல் கேட்டால் வீட்டில் சொல்லுங்கள் என்றெல்லாம் நன்றாகவே பேசினேன். பிறகு ஒரு சோதனை. எல்லோரும் கண்ணை மூட வேண்டும். என் போனில் கீச்சென்று ஓர் ஒலி வரும். கேட்டவர்கள் கை தூக்க வேண்டும். மெல்லிய சத்தத்தில் வைத்து அழுத்தினேன்.

போன் பேசாமல் இருந்தது, சரியாக அழுத்தவில்லை போல. வகுப்பு முழுக்கக் கை தூக்கியிருந்தது.

"கைய எறக்குங்க. நான் இன்னும் போடவே இல்ல" என்றேன்.

முன் பெஞ்சுப் பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "போட்டுட்டீங்க ஆன்ட்டி. கீன்னு கத்திக்கினே கீது."

சிரித்தார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் ஆசிரியை, கண்ணை மூடி, கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். போனை இடது காதில் வைத்தேன். வலது காதில் வைத்தேன். என் மகள் மட்டும் கையை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"நெட் சரியில்ல போல" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். டிவிய தெருவுக்கே கேக்கற மாதிரி வெச்சிக்கினு, என்னிய செவிடின்னு சொல்லிக்கினு இருந்த."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஹெட்போன புடுங்கின அன்னிக்கே சொன்னேம்மா. பக்கத்து ரூம்லேர்ந்து."

சனிக்கிழமை டோக்கனில் பெயரை மட்டும் மாற்றினோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ஃபெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் உத்தேசமாக அழுத்திக்கொண்டிருந்தேன். சோதிக்கும் பெண் கதவைத் திறந்தாள். "அம்மா, நான் இன்னும் போடவே இல்ல." வெளியே நின்ற மகள் அப்போதுதான் சிரித்தாள்.

இரண்டாம் முறை கண்ணை மூடி நேர்மையாகக் காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மகள் கண்ணாடியில் கை வைத்து நின்றிருந்தாள். சிரிப்பு போயிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். நான் பிள்ளைகளுக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

திங்கட்கிழமை மெஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் நீலக் கயிற்றில் தொங்கிய அடைப்பானை எடுத்து இரண்டு காதிலும் செருகினேன். எதிர் மெஷின்காரர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அவசரமாகத் தன் காதைத் தொட்டார். செய்தி ஷெட்டின் கடைசி வரை போனது. மதியச் சாப்பாடு வரை அத்தனை பேரும் காதை அடைத்துக்கொண்டு, வராத ஆடிட்டருக்காகக் காத்திருந்தார்கள்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.