முப்பத்தொன்றாம் தேதிக்காரர்

நான் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு இன்று சேரன்மகாதேவிக்காரர் ஒருவர் வந்தார். மேஜையில் இரண்டு பதிவு அட்டைகளை வைத்தார்.

"நான் பதிஞ்சது எண்பத்தாறு டிசம்பர் முப்பத்தொண்ணு. எந்தம்பி பதிஞ்சது தொண்ணூத்திமூணு பிப்ரவரி ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே படிப்பு. அவனுக்கு இண்டர்வியூ கார்டு வந்துட்டு. எனக்கு ஏன் சார் வரல?"

மூப்புப் பட்டியல் போடும் புரோகிராம் நான் எழுதியது. திறந்து பார்த்தேன். தேதியைத் தேதியாக வைக்காமல், நாளை முன்னால் போட்டு, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறேன். எழுத்தென்றால் கம்ப்யூட்டர் இடப்பக்கத்திலிருந்துதான் ஒப்பிடும். எந்த வருடமானாலும் ஒன்றாம் தேதிக்காரர் முதலில், முப்பத்தொன்றாம் தேதிக்காரர் கடைசியில்.

மேலதிகாரியிடம் ஓடினேன்.

"லிஸ்ட்டு போயிட்டு வே. இனி என்ன செய்ய? கம்ப்யூட்டர் போட்டது சரியாத்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பும்."

திருத்த ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது. அடுத்த பட்டியலில் உங்கள் பெயர் மேலே வரும் என்று வந்தவரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை.

"இந்த மாசத்தோட எனக்கு வயசு தாண்டுது சார்" என்று அட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்.

நண்பர்களே, நீங்கள் எந்தத் தேதியில் பதிந்தீர்கள்? இருபதுக்கு மேல் என்றால், என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள்.