வெயில் மருந்து

மொட்டைமாடியில் காயும் மிளகாய் வத்தலின் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்துகொண்டே இருக்கும். அந்த நெடிக்கு நடுவே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் சூரியனுக்கு நேரே நீட்டியபடி என் அக்கா ஜெசிந்தா நிற்பாள். விருதுநகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடி அது. அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. அவளுடைய விரல்களிலும் புறங்கைகளிலும் வெண்திட்டுகள் பரவத் தொடங்கியிருந்த காலம்.

"மீனையும் பாலையும் சேத்துக் குடுத்தீகளோ?" என்று தெருவில் அம்மாவிடமே கேட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா அதையெல்லாம் நம்பாமல் அக்காவை மதுரைக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு பூச்சு மருந்தைக் கொடுத்து, "இது தோல்ல சும்மாதான் கெடக்கும்மா, வெயில் பட்டாத்தான் வேலை செய்யும். நெறம் குடுக்குற செல்லை வெயில்தான் எழுப்பிவிடணும். அஞ்சு நிமிஷம் போதும். மிஞ்சினா வெந்துரும்" என்றாராம்.

வத்தலையும் தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைத்தே பிழைக்கிற சீமையில் வெயிலுக்கா பஞ்சம்? சில மாதங்களில் அந்த வெள்ளைக்குள் கடுகு சிந்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள் முளைத்தன. அக்கா அவற்றை என்னிடம் காட்டிக் காட்டிச் சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸிங் பள்ளியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அம்மாவைப் போல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. விண்ணப்பம் கொடுக்கப் போன அன்றே அங்கிருந்த ஒருவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "நோயாளிக பயப்படுவாகளே" என்று சொல்லியிருந்தார்.

தேர்வு வெள்ளிக்கிழமை. அந்த வாரத் தொடக்கத்தில், அம்மா ட்யூட்டிக்குப் போனதும், அக்கா மருந்தை முழங்கை வரை அப்பிக்கொண்டு மாடியேறினாள். உச்சிவெயில் சாயும்வரை இறங்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிடப் போன என்னிடம், "அஞ்சு நிமிஷத்துக்கே அம்புட்டு வந்துச்சுல்ல, இன்னும் கொஞ்ச நேரம்டி" என்றாள். சாயங்காலம் கைகள் லேசாகச் சிவந்திருந்தன. "நெறம் ஏறுது பாரு" என்று சிரித்தாள். அந்த மருந்தோடு சேர்ந்த வெயிலின் சூடு தாமதித்துத்தான் வெளியே தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் இரு கைகளும் கொப்புளித்து நீர் கோத்துவிட்டன.

பட்டாசு விபத்துகளில் வெந்து வருகிறவர்களுக்குக் கலங்காமல் கட்டுப்போடும் அம்மா அன்று போட்ட கட்டையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். "ஏ பிள்ள, என்ன காரியம் பண்ணிட்ட!" என்று சொல்லிக்கொண்டே துணியைச் சுற்றினாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாயிருமாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆயிரும்" என்று அம்மா பொய் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அக்கா தலையணைமேல் கைகளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புண் ஆறியபோது பழுப்புப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. வெந்த இடமெல்லாம் முழங்கை வரை வெளுத்திருந்தது. இருந்த செல்லும் போய்விட்டது என்றார் டாக்டர். அதன்பிறகு நெடுநாள் அவள் மாதா கோயிலுக்குக்கூட வரவில்லை; எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. சிவகாசி காலண்டர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே எழுத்துப்பிழை திருத்திக் கொடுக்கிறாள், இன்றுவரைக்கும்.

அம்மா இப்போது இல்லை. மதுரையில் இதற்கென்றே விளக்கறைகள் வந்துவிட்டன. வேண்டிய ஒளியை மட்டும் கொடுத்துவிட்டு, நேரம் முடிந்ததும் தாமாகவே அணைந்துவிடுமாம். போய்வருவோமா என்றேன். "இனி எதுக்குடி?" என்றாள். முகம், கழுத்து, கால் எல்லாமே வெளுத்துவிட்டன. பேருந்தில் அவளை வெளிநாட்டுக்காரி என்று நினைத்து ஆங்கிலத்தில் பேசுகிறார்கள்.

போன மாதம் என் மகள், "பெரியம்மா, நீங்க முன்னாடி என்ன நெறத்துல இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவள் சின்ன வயதில் எடுத்த ஒரே கலர் போட்டோவும் ஜன்னலுக்கு எதிரே மாட்டிக் கிடந்து வெளிறிப்போயிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதவிடக் கொஞ்சம் கருப்பு" என்றாள். பிறகு, "இல்ல, இம்புட்டுத்தானோ என்னமோ" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் கையை விட்டாள்.

"ஞாபகம் இல்லடி."