பூஜைக்கு வைத்த லேப்டாப்

விஜயதசமி அன்று காலை, பூஜை அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தேன். மூடியில் நான் வைத்த சந்தனம் காய்ந்திருந்தது, குங்குமம் பாதி உதிர்ந்திருந்தது. திறந்து பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. கையை எடுத்துவிட்டுப் பார்த்தால், நான் தொடாமலே கட்டத்துக்குள் புள்ளிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

லேப்டாப் என்னுடையதல்ல, கம்பெனியுடையது. ஆனால் என் பயம் அதன் விலையைப் பற்றியதல்ல. கல்யாணமான புதிதில் நான் சென்னையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன், அவர் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்தார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் நடத்தினோம். வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு காலம் வந்ததே, அப்போதுதான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். பிறகு கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. நான் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தேன். கரண்ட் போச்சு, நெட் போச்சு, சிஸ்டம் போச்சு என்று சாக்குச் சொல்லக் கூடாது என்பது மேனேஜர் அம்மாவின் நிபந்தனை. சொன்னால் சென்னைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் வாடிக்கையாளர்கள் கடல் கடந்து இருப்பவர்கள். அவர்களுக்கு விஜயதசமியும் கிடையாது, பூஜையும் கிடையாது. மதியம் நான் வேலையில் உட்கார்ந்தாக வேண்டும். பாஸ்வேர்டை இன்னும் ஒன்றிரண்டு முறை தவறாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்கச் சொல்லிச் சென்னைக்குப் போன் போட்டால், விஷயம் மேனேஜர் அம்மா காதுக்குப் போகும். ஹாஸ்டல் அறையின் டியூப்லைட் என் கண் முன்னால் எரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் சந்தனத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஈரக்கையோடு பொட்டு வைத்தேனே, உள்ளே இறங்கியிருக்குமோ? சாமிக்கு வைத்ததைப் போய்க் குறை சொல்கிறோமே என்று அதற்கும் ஒரு பயம். அணைத்துப் போட்டேன். அதே புள்ளிகள். திரையின் மூலையில் இருக்கும் சின்னப் படத்தை அமுக்கினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும் என்பது ஞாபகம் வந்தது. நிஜ கீபோர்டு ஓயும்வரை காத்திருந்து, மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினேன். எப்படியோ உள்ளே விட்டது.

வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து எல்லாப் பட்டன்களையும் அமுக்கிப் பார்த்தேன். மேல் வரிசை வேலை செய்தது. நடு வரிசை செத்துக் கிடந்தது, அதன் முதல் எழுத்து மட்டும் அமுக்காமலே கொட்டியது. மறுபடி அணைத்துவிட்டு, தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து அந்தப் பட்டனை மெல்ல நெம்பினேன். அடியில் சந்தனம் இல்லை. ஈரமான வெள்ளைப் பஞ்சு ஒரு துணுக்கு இருந்தது. முகர்ந்தால் லேசாக எண்ணெய் வாடை.

அந்தப் பஞ்சை எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் அவர் சட்டைக் காலரிலிருந்தும் காது மடலிலிருந்தும் நான் எடுத்துப் போடும் பஞ்சுதான் அது.

அவர் வாசலில் பைக்குக்குப் போட்ட மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்ன செய்தீர்கள் என்று அப்போதே கேட்டிருப்பேன். கேட்டுச் சண்டை போட நேரமில்லை. கீபோர்டு ஒன்று உடனே வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். லேப்டாப்பைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். எங்கள் ஊர்க் கடையில் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. கீபோர்டு கண்ணெதிரே அடுக்கில் இருந்தது, பொட்டு வைத்து, பூ வைத்து. நல்ல நேரம் பார்த்துப் பூஜையைப் பிரித்த பிறகுதான் எதையும் எடுப்போம் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நானும் அதே ஊர்க்காரிதான், கோபப்படவும் வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பாய் கடை உண்டு, அது திறந்திருக்கும் என்று இவரே சொல்லி வண்டியைத் திருப்பினார்.

பாதி வழி போன பிறகு அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன். "லேப்டாப்ப மில்லுக்குக் கொண்டுபோனீகளா?"

ஹெல்மெட் ஆமாம் என்று அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மில்லில் எதற்கெடுத்தாலும் காற்றுதான். மெஷினில் பஞ்சு படிந்தாலும் கம்ப்ரஸர் காற்று, ஷிப்ட் முடிந்து உடம்பைத் தட்டிக்கொள்ளவும் கம்ப்ரஸர் காற்று. ஆயுத பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினுக்கும் காற்றடித்துத் துடைத்துத்தான் பொட்டு வைப்பார்கள். முந்தின நாள் நான் அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் பையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், மெஷின்களோடு அதற்கும் காற்றடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கம்ப்ரஸர் குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் திறந்து வெளியே விட வேண்டும், அது அவருக்கு அத்துபடி. அன்றைக்கு நான் தேடுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் விடவில்லையாம். அந்தத் தண்ணீர்தான் எண்ணெயையும் பஞ்சையும் சேர்த்துக்கொண்டு காற்றோடு பட்டனுக்கடியில் போயிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. கம்பெனி சாமானைத் தொட உங்களுக்கு யார் சொன்னது, இனி நான் சென்னைக்குப் போய் அந்த அறையில் கிடக்க வேண்டியதுதான், உங்களுக்குத் திருப்திதானே என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் வண்டியை ஒரு வேப்ப மரத்தடியில் ஓரம் கட்டினார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"சிஸ்டம் நின்னா மெட்ராஸுக்குத்தான்னு நீ போன்ல சொல்லிக்கிட்டு இருந்த. தூசி அடைஞ்சா எந்த மெஷினும் நின்னுரும். அது நிக்கக் கூடாதுன்னுதான் அடிச்சேன்."

இந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் இந்த மனுஷனும் அதே பயத்தை மில்லுக்குச் சுமந்துகொண்டு போய் வந்திருக்கிறார்.

பாய் கடை திறந்திருந்தது. ஒரு சாதாரண கீபோர்டை எடுத்து, கடையிலேயே லேப்டாப்பில் செருகினேன். கம்பெனி லேப்டாப், வெளிச் சாமான் எதையும் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். கீபோர்டில் விளக்கு எரிந்தது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. பட்டனுக்கடியில் கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும், புள்ளிகளும் அடங்கியிருந்தன. பாய் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார். அதிலேயே உட்கார்ந்து, போன் நெட்டில், அன்றைய வேலையைத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் கடை வாசலில், வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

மறைத்து வைத்து மாட்டிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. ஈரம் இறங்கிக் கீபோர்டு போய்விட்டது என்று மேனேஜர் அம்மாவுக்கு அன்றே எழுதினேன், யாரால் என்று எழுதவில்லை. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். வேறு லேப்டாப் அனுப்புகிறோம், இதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று பதில் வந்தது. அதோடு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் சென்னைக்கு வந்துவிடுவதுதான் நல்லது என்றும் இருந்தது. அந்தக் கடைசி வரியை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

புது லேப்டாப் வந்து மேசையில் இருக்கிறது. மில்லிலிருந்து வந்ததும் அவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். நான் வேலை செய்யும்போது டீயைக் கொண்டுவந்து எட்டாத தூரத்தில், தரையில் வைத்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொள்கிறார். பிரியக் கூடாது என்றுதான் இருவரும் இவ்வளவு பயப்படுகிறோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் அவரை நிலைப்படியில் பார்க்கிறேன்.